பொட்டு வைத்தால் போதுமா?

ஆயுத பூஜை வந்தால் வீடே பளிச்சென்று ஆகிவிடும்.

தரையைக் கழுவுகிறோம். அரிவாள்மணை, சுத்தியல், தையல் யந்திரம், சைக்கிள் எல்லாவற்றையும் துடைத்து வைக்கிறோம். சந்தனம் தெளித்துக் குங்குமப் பொட்டு வைக்கிறோம். சுவரில் தொங்கும் ஏ.சி. யந்திரத்துக்கும் ஒரு பொட்டு. குளியல் அறையில் இருக்கும் கீசருக்கும் ஒரு பொட்டு.

நல்ல வழக்கம். நமக்காக உழைக்கும் பொருளுக்கு நன்றி சொல்வது நல்ல மனம்.

ஆனால் ஒரு கேள்வி.

பொட்டு வைத்த அந்த ஏ.சி.யின் மூடியைத் திறந்து பார்த்தோமா? உள்ளே இருக்கும் வலையில் தூசி கம்பளி போலப் படிந்திருக்கிறதே, அதைத் தட்டினோமா? கீசருக்குப் போகும் மின்சாரக் கம்பி கருகி இருக்கிறதா என்று பார்த்தோமா?

பெரும்பாலான வீடுகளில் பார்ப்பது இல்லை. பொட்டு வெளியே இருக்கிறது. புழுதி உள்ளே இருக்கிறது!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு யந்திரத்தை வாங்குகிற குடும்பம், அதைப் பேணும் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறது. கடைக்காரர் பில்லில் அதை எழுத மாட்டார். ஆனாலும் அது நம் தலையில் ஏறிவிட்டது. அதைச் செய்யாவிட்டால் பணம் போகும். சில சமயம் உயிரும் போகும்.

2 நாள் போதும்

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பீர்கள்.

வருஷத்தில் 2 நாள் ஒதுக்குங்கள். பெரிய வேலை அவ்வளவுதான். நடுவில் 15 நாளைக்கு ஒரு தடவை கால் மணி நேரம் போதும்.

அந்த 2 நாளும் நம் காலண்டரில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்று போகி. மற்றொன்று ஆயுத பூஜை.

போகி ஜனவரி மாத நடுவில் வருகிறது. அப்போது பனி இருக்கும். ஆனால் மாசி பிறந்ததும் வெயில் தலைகாட்டும். எனவே மின்விசிறி, ஏர் கூலர், ஏ.சி. ஆகியவற்றைச் சரிபார்க்கப் போகிதான் சரியான நாள்.

ஆயுத பூஜை செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வருகிறது. அதன் பிறகு வடகிழக்குப் பருவமழை. மழைக்குப் பின் மார்கழிக் குளிர். எனவே கூலரைக் கழுவி மூடி வைக்கவும், கீசரைச் சரிபார்க்கவும் ஆயுத பூஜைதான் சரியான நாள்.

எந்த மதத்தினராக இருந்தாலும் வீட்டைச் சுத்தம் செய்ய ஒரு பண்டிகை உண்டு. கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் வெள்ளை அடிக்கும் வீடுகள் எத்தனையோ! நாள் எதுவாக இருந்தால் என்ன? வேலை நடக்க வேண்டும். அவ்வளவே.

சித்திரை மாதத்து வீடு

நாள் தவறினால் என்ன ஆகும்? ஒரு வீட்டைப் பாருங்கள். எந்த ஊரிலும் இருக்கும் வீடுதான்.

மே மாதம். அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. இரவு 10 மணி. ஏ.சி.யிலிருந்து வெறும் காற்றுதான் வருகிறது. குழந்தை அழுகிறது.

"என்னங்க, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்கிறாள் மனைவி.

கணவர் போன் செய்கிறார். "4 நாள் ஆகும் சார். நிறைய வீடு பாக்கி இருக்கு" என்று பதில் வருகிறது.

அந்த மெக்கானிக் மேல் தப்பு இல்லை. எல்லா வீட்டு ஏ.சி.யும் ஒரே வாரத்தில் படுத்தால் அவர் என்ன செய்வார்? தை மாதத்தில் கூப்பிட்டிருந்தால் மறுநாளே வந்திருப்பார். நிதானமாகப் பார்த்திருப்பார்.

அவசரத்தில் கூப்பிடுகிறவர் பேரம் பேச முடியாது. அவர் கேட்ட பணத்தைக் கொடுத்தாக வேண்டும். சோம்பலுக்கு நாம் கட்டும் அபராதம் அது.

முதலில் வீட்டைக் கவனியுங்கள்

யந்திரத்துக்கு முன் வீடு.

நம் பெரியவர்கள் மின்சாரம் இல்லாமலேயே கோடையைக் கடந்தார்கள். திண்ணை இருந்தது. முற்றம் இருந்தது. ஓட்டுக் கூரை இருந்தது. வசதி உள்ளவர்கள் ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தார்கள். காற்று குளிர்ந்து, மணத்தோடு உள்ளே வந்தது.

இன்று கான்கிரீட் கூரை. பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கிறது. இரவில் அந்தச் சூட்டை நம் தலையில் கொட்டுகிறது. கீழே ஏ.சி. திணறுகிறது.

இதற்குச் செலவு குறைந்த வழி உண்டு. மாசி மாதத்தில் மொட்டை மாடியைக் கூட்டிக் கழுவுங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். மேற்குப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே தட்டியோ கீற்றோ கட்டுங்கள். கண்ணாடிக்கு உள்ளே போடும் திரையைவிட, வெளியே கட்டும் தட்டியே நல்லது. வெயிலை வாசலிலேயே நிறுத்திவிடும் அல்லவா?

மின்விசிறி செய்யும் வேலை

ஏழை வீட்டுக்கும் பணக்காரர் வீட்டுக்கும் பொதுவான யந்திரம் மின்விசிறி.

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மின்விசிறி அறையைக் குளிர வைப்பது இல்லை. நம் உடம்பில் இருக்கும் வியர்வையைக் காய வைக்கிறது. அதனால் நமக்குக் குளிர்கிறது. ஆள் இல்லாத அறையில் விசிறி ஓடினால் யாருக்கும் பயன் இல்லை. மீட்டர் மட்டும் ஓடும்!

விசிறி இறக்கையில் தூசி படிந்தால் காற்றுக் குறையும். துடைப்பதற்கு எளிய வழி இருக்கிறது. சுவிட்சை நிறுத்துங்கள். ஒரு பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டுங்கள். அழுத்திப் பிடித்து உருவுங்கள். தூசி உறைக்குள்ளேயே விழும். கட்டில் அழுக்காகாது.

விசிறி மெதுவாகச் சுற்றுகிறதா? உடனே புதிய விசிறி வாங்க ஓட வேண்டாம். பெரும்பாலும் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கும். சிறிய பொருள்தான். எலெக்ட்ரீஷியன் சில நிமிஷத்தில் மாற்றிவிடுவார்.

விசிறி ஆடுகிறதா? அலட்சியம் கூடாது. மேலே இருக்கும் கொக்கி, அதில் இருக்கும் ரப்பர், போல்ட், போல்ட்டு கழலாமல் இருக்கக் குத்தியிருக்கும் பின் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். விசிறிக்கு நேர் கீழேதான் குழந்தை தூங்குகிறது!

சாதாரண விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கும். பி.எல்.டி.சி. என்று இப்போது வரும் விசிறிகள் சுமார் 30 வாட் எடுக்கின்றன. விலை கூடுதல். ஆனால் இரவும் பகலும் விசிறி ஓடும் வீட்டில் அந்தப் பணம் மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிடும்.

ஏ.சி. வந்த கதை

1902-ம் வருஷம். அமெரிக்காவில், நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் ஓர் அச்சகம் இருந்தது. காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் விரியும். ஈரம் குறைந்தால் சுருங்கும். வர்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழவில்லை. அந்த ஈரத்தை அடக்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் என்ஜினீயர் ஒரு யந்திரத்தை அமைத்தார். இன்றைய ஏ.சி.யின் தொடக்கம் அதுதான். முதலில் மனிதனுக்காக அல்ல, காகிதத்துக்காகவே அது பிறந்தது!

"ஒன்றரை டன் ஏ.சி. வாங்கினேன்" என்கிறோம். அது என்ன டன்? யந்திரத்தின் எடையா? இல்லை.

சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறது. அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்க வியாபாரி பிரடெரிக் டியூடர் 1842-ல் அதைக் கட்டினார். அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஏரிகள் உறையும். அந்த ஐஸை வெட்டிக் கப்பலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து அங்கே சேமித்தார்கள். அந்தக் காலத்தில் குளிர்ச்சி என்றாலே ஐஸ்தான். அதனால் குளிர்ச்சியை ஐஸின் எடையால் அளந்தார்கள்.

2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ ஐஸ் ஒரு நாள் முழுவதும் உருகினால் எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ, அதுதான் ஒரு டன். ஒன்றரை டன் ஏ.சி. என்றால் அதைப்போல் ஒன்றரை மடங்கு.

அவ்வளவு வேலை செய்யும் யந்திரம் மின்சாரத்தைக் குடிக்காதா? ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடினால் சுமார் 1,500 வாட் எடுக்கும். 20 மின்விசிறிகள் ஓடுவதற்குச் சமம்! ஆகவே ஏ.சி. அழுக்கானால் நஷ்டமும் பெரிது.

வலையைக் கழுவுங்கள்

ஏ.சி.யின் முன்மூடியைத் திறந்தால் மெல்லிய வலை இருக்கும். பில்டர் என்பார்கள். அதைக் கழற்ற மெக்கானிக் வேண்டாம். பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும் வேலை.

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். வலையை உருவிக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். நிழலில் காய வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கோடையில் 15 நாளைக்கு ஒரு தடவை இதைச் செய்தால் போதும்.

செய்யாவிட்டால் என்ன? காற்று போக வழி இருக்காது. உள்ளே இருக்கும் குழாய்களில் ஐஸ் கட்டும். ஐஸ் உருகிச் சுவரில் ஒழுகும். அறை குளிராது. யந்திரம் நிற்காமல் ஓடும். பில் ஏறும்.

நம் மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. யூனிட் கூடக் கூட, ஒரு யூனிட்டின் விலையும் கூடும். ஆகையால் மேல் படியில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடிய யூனிட்!

வெளியே வைத்திருக்கும் பெட்டிக்கும் காற்று வேண்டும். அதன் மேல் துணி காயப் போடாதீர்கள். பழைய சாமான்களை அதன் முன் அடுக்காதீர்கள். புறா கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். அங்கே இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

தண்ணீர் வடியும் குழாயையும் மறக்க வேண்டாம். அதில் பாசி அடைத்தால் தண்ணீர் கட்டிலுக்கு மேல் சொட்டும்.

"கேஸ் தீர்ந்துவிட்டது"

இந்த ஒரு வாக்கியத்துக்கு நம் மக்கள் எவ்வளவு பணம் கொடுத்திருக்கிறார்கள்!

தாய்மார்களே, கேளுங்கள். சமையல் கேஸ் எரிந்து தீர்கிறது. ஏ.சி. கேஸ் எரிவது இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் ஒரே காரணம்தான். எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஓட்டையை அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பினால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். அடுத்த வருஷம் மறுபடியும் அதே செலவு.

ஆகவே யாராவது "கேஸ் போட வேண்டும்" என்றால் கோபப்படாதீர்கள். "எங்கே கசிகிறது? காட்டுங்கள். அதை அடைத்துவிட்டுப் போடுங்கள்" என்று சொல்லுங்கள். நேர்மையான மெக்கானிக் அதைத்தான் செய்வார்.

இன்னொன்று. புதிய ஏ.சி.களில் இருக்கும் ஆர்-32, ஆர்-290 போன்ற கேஸ்கள் தீப்பற்றக் கூடியவை. அவற்றில் ஆர்-290 என்பது புரொப்பேன். சமையல் கேஸிலும் அது உண்டு. எனவே ரிப்பேர் நடக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். பீடி, சிகரெட், ஊதுவத்தி எதுவும் கூடாது.

24 போதும்

ரிமோட்டைக் கையில் எடுத்தால் சிலர் 18-க்குப் போய்த்தான் நிற்பார்கள். பிறகு கம்பளி போர்த்திக்கொள்வார்கள்!

2020 ஜனவரி 1 முதல், நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏ.சி.கள் தாமாகவே 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் பி.இ.இ. என்னும் மின்சிக்கன அமைப்பின் கணக்கு. 20-ல் வைப்பவர் 24-க்கு வந்தால் ஏறக்குறைய கால்வாசி மிச்சம்.

26-ல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள். உடம்புக்கும் நல்லது. பையிலும் காசு நிற்கும்.

கூலர் தொட்டியில் கொசு

ஏர் கூலர் ஏழைக்கு வாய்த்த நல்ல யந்திரம். தண்ணீர் ஆவியாகும்போது காற்று குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

ஆனால் காற்று வறண்டிருக்க வேண்டும். வேலூர், திருச்சி, மதுரை வெயிலில் கூலர் நன்றாக உழைக்கும். சென்னைக் கடற்கரையில் புழுக்கத்தைத்தான் கூட்டும். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கூலரைப் போட்டாலும் புழுக்கம்தான். ஈரக்காற்று வெளியே போக வழி வேண்டும்.

வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்யுங்கள். காலி செய்தால் மட்டும் போதாது. பிரஷ் வைத்துத் தேயுங்கள். ஏன் தெரியுமா?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டை இடும். தொட்டியின் சுவரில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி இடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஒரு வாரம், 10 நாளில் கொசுவாகிப் பறக்கும்.

ஆயுத பூஜை அன்று கூலரைக் கவிழ்த்து, தேய்த்து, வெயிலில் காய வைத்து, துணி போட்டு மூடுங்கள். அடுத்த கோடையில் நோய் இல்லாமல் திறக்கலாம்.

தண்ணீர் ஊற்றும்போது பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். ஈரக் கையும் மின்சாரமும் சேரவே கூடாது.

வெந்நீரில் ஜாக்கிரதை

மழை வந்துவிட்டது. கீசரைத் தட்டுகிறோம்.

கீசருக்கு எதிரி உப்புத் தண்ணீர். ஆழ்குழாய்த் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு கீசருக்குள் இருக்கும் சூடாக்கும் கம்பியிலும் படிகிறது. படிவு கனக்கக் கனக்கச் சூடு ஏற நேரமாகும். கடைசியில் கம்பி வெந்து போகும். வருஷத்துக்கு ஒரு முறை திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி உண்டு. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க அது தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும். அது தீர்ந்திருந்தால் புதிது போட வேண்டும்.

பிளக் சூடாகிறதா? கருகிய வாசனை வருகிறதா? அன்றே மாற்றுங்கள். கீசரையும் ஏ.சி.யையும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டாதீர்கள்.

வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் கம்பியில் இன்னும் அபாயம். முதலில் தண்ணீரில் முக்குங்கள். பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும். தண்ணீர் சூடானதா என்று விரல் விட்டுப் பார்க்காதீர்கள். சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் கழற்றிய பிறகு தொடுங்கள். குழந்தைகள் இருக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய ஒரு சாதனம் உண்டு. ஆர்.சி.சி.பி. என்பார்கள். உயிர்காப்பு சுவிட்ச் என்று நான் சொல்வேன். எங்காவது 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தால் அது கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் பதறிப்போய் அவரைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அது முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எமன்

இப்போது மலைக்குப் போவோம்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் அங்கே புல்வெளியில் உறைபனி படியும். கொடைக்கானலிலும் குளிர் எலும்பைத் தொடும். அங்கே வீட்டைச் சூடாக்குவது அவசியத் தேவை.

சிலர் என்ன செய்கிறார்கள்? குமுட்டி அடுப்பில் கரியைப் பற்ற வைத்து அறைக்குள் கொண்டுபோகிறார்கள். குளிர் வராமல் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்துகிறார்கள். படுத்துவிடுகிறார்கள்.

காலையில் எழுந்திருப்பது இல்லை!

இந்தச் செய்தியைக் குளிர்காலத்தில் பத்திரிகையில் படிக்கிறோம். "ஐயோ பாவம்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்புகிறோம். காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மூடிய அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. புகை அடங்கிய பிறகும், தணல் சிவப்பாக இருக்கும்வரை அது வந்துகொண்டே இருக்கும். நம் ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார்.

எனவே கரி அடுப்பை மூடிய அறையில் வைக்கவே கூடாது. கேஸில் எரியும் கீசரைக் காற்றோட்டம் இல்லாத குளியல் அறையில் மாட்டக் கூடாது. பிள்ளை பெற்ற வீட்டில் சாம்பிராணி போடக் கரி மூட்டினால், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்ததும் தணலை வெளியே கொண்டுபோய் வையுங்கள்.

அறையில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால் சந்தேகப்படுங்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மலையில் பழைய பங்களாக்களில் கணப்பு அடுப்பும் புகைக்கூண்டும் உண்டு. குளிர்காலத்துக்கு முன் புகைக்கூண்டில் கரியும் பறவைக் கூடும் அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். மின்சார ஹீட்டர் வைத்திருப்பவர்கள் அதன் மேல் ஈரத் துணி காயப் போடக் கூடாது. திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை

நாலாம் மாடி. வெளிச் சுவரில் ஏ.சி. பெட்டி. நிற்க இடம் இல்லை. ஒரு இளைஞர் சன்ஷேடில் கால் வைத்து, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வேலை செய்கிறார். இடுப்பில் கயிறு இல்லை.

நாம் உள்ளே நின்றுகொண்டு "சீக்கிரம் முடிப்பா" என்கிறோம்!

இது நியாயமா? நமக்குக் குளிர்ச்சி வேண்டும் என்பதற்காக ஒரு தாயின் பிள்ளை தொங்க வேண்டுமா? பெட்டியை மாட்டும்போதே கை எட்டும் இடத்தில், பால்கனியிலோ மொட்டை மாடியிலோ மாட்டுங்கள். அது முடியாத இடத்தில், "பெல்ட் போட்டுக்கொண்டு இறங்கு தம்பி" என்று சொல்லுங்கள். அதற்கு நேரம் ஆனாலும் பொறுங்கள். கூலி கொஞ்சம் கூடினாலும் கொடுங்கள். வேலைக்கு ஆள் அனுப்பும் கம்பெனிகள் கயிறும் பெல்ட்டும் கொடுத்தே தீர வேண்டும்.

யார் செய்வது?

வாடகை வீட்டில் எப்போதும் ஒரு சண்டை. "கீசரை வீட்டுக்காரர் பார்க்கட்டும்" என்கிறார் குடியிருப்பவர். "உபயோகிப்பவர் பார்க்கட்டும்" என்கிறார் வீட்டுக்காரர். நடுவில் கம்பி கருகிக்கொண்டே இருக்கிறது.

என் தீர்ப்பு இது. கம்பி, எர்த், உயிர்காப்பு சுவிட்ச், விசிறிக் கொக்கி ஆகியவை வீட்டோடு சேர்ந்தவை. வீட்டுக்காரர் செய்ய வேண்டும். துடைப்பது, கழுவுவது, வலையைச் சுத்தம் செய்வது குடியிருப்பவர் வேலை. குடிவரும் நாளிலேயே இதைப் பேசி எழுதிக்கொண்டால் சண்டை இல்லை.

வீட்டுக்குள்ளும் ஒரு கேள்வி உண்டு. கூட்டுவதும் துடைப்பதும் அம்மாவின் தலையில் விழுகின்றன. இதையும் அவள் தலையில் கட்டாதீர்கள். விசிறியை அப்பா துடைக்கட்டும். ஏ.சி. வலையை மகன் கழுவட்டும். டெஸ்ட் பொத்தானை மகள் அழுத்திப் பார்த்துத் தேதியைக் குறித்து வைக்கட்டும். பெண்பிள்ளைக்கு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்த அறிவு ஒரு நாள் ஒரு குடும்பத்தையே காப்பாற்றும்.

"ஓடுகிற வரை ஓடட்டும்"

சிலர் இப்படிச் சொல்வார்கள். "நன்றாகத்தானே ஓடுகிறது? எதற்குத் தொட வேண்டும்?"

உடம்பு படுத்த பிறகு வைத்தியம் பார்ப்பதைவிட, படுக்காமல் பார்த்துக்கொள்வது மேல் அல்லவா? மாட்டுக்குக் காய்ச்சல் வந்த பிறகுதான் தண்ணீர் காட்டுவோமா? வயலில் பயிர் வாடிய பிறகுதான் களை எடுப்போமா? உழவன் பருவம் பார்த்து வேலை செய்கிறான். அவன் பேரப்பிள்ளைகள் நாம். நமக்கு அது தெரியாததா?

இதை வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள்

போகி, தை: மின்விசிறி துடைக்க. ஏ.சி.யை மெக்கானிக்கிடம் காட்ட. கூலர் தொட்டியைத் தேய்த்துக் கழுவ.

மாசி, பங்குனி: மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு. மேற்கு ஜன்னலுக்குத் தட்டி.

சித்திரை, வைகாசி: 15 நாளைக்கு ஒரு முறை ஏ.சி. வலையைக் கழுவ. வாரம் ஒரு முறை கூலர் தொட்டியைத் தேய்க்க.

ஆனி, ஆடி: ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். புழுதி பறக்காதா? வலையையும் வெளிப் பெட்டியையும் பார்க்க.

ஆவணி, புரட்டாசி (ஆயுத பூஜைக்குள்): கூலரைக் காய வைத்து மூட. குளிர்காலம் முழுவதும் ஏ.சி. வேண்டாம் என்றால், 2 மணி நேரம் வெறும் விசிறியாக ஓட விட்டு உள்ளே காய்ந்த பின் நிறுத்த. கீசரைச் சுத்தம் செய்ய.

ஐப்பசி, கார்த்திகை: இடி மின்னல் வந்தால் பிளக்குகளைக் கழற்ற. ஈரச் சுவரில் சுவிட்சுகளைக் கவனிக்க.

மார்கழி: கரி அடுப்பு வெளியே. ஜன்னல் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்.

மாதம் ஒரு முறை, எல்லா மாதமும்: உயிர்காப்பு சுவிட்சின் பொத்தானை அழுத்திப் பார்க்க.

இவ்வளவுதான் வேலை. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பெரிய பணமும் வேண்டாம். ஒரு பிரஷ், ஒரு பழைய துணி, கொஞ்சம் அக்கறை போதும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறீர்கள். பத்திரிகையை மடித்து வையுங்கள். முதலில் அந்த டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அந்தப் பொத்தானே உங்கள் வீட்டில் இல்லை என்றால், நாளைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

செய்வீர்களா?